கத்தரி, பாகல், நாவல், சிறுகுறிஞ்சான்: சர்க்கரை நோய்க்கு மரபு மூலிகைகளைக் கையாள முழுமையான வழிகாட்டி

1999 மே 4 அன்று அமெரிக்காவில் 5,900,240 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மூலிகைக் கலவைக்கான உரிமை அது. பெற்றது நியூஜெர்சியின் குரோமாக் ரிசர்ச் நிறுவனம். கலவையில் என்ன இருந்தது என்று பார்த்தால் நாவல், பாகல், சிறுகுறிஞ்சான், கத்தரி. நம்மூர் வைத்தியர் எவரைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்லும் பெயர்கள். மஞ்சளுக்குக் கொடுத்த காப்புரிமை 1997-இல்தான் ரத்தாகியிருந்தது. அடுத்ததாக இது வந்ததும் இங்கே பெரிய கூச்சல் எழுந்தது. கூச்சல் நியாயமானதுதான்.

ஆனால் உரிமை நம்முடையது என்று சண்டை போடும் நாம், இந்த நான்கையும் வீட்டில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது வேறு கதை. யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் அடித்து, காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். எது வேலை செய்தது, எது வயிற்றைக் கெடுத்தது, எதனால் தலைசுற்றல் வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. கீழே இருப்பது அதற்கு மாற்றான வழி: ஒரு நேரத்தில் ஒரு செடி, சரியான பாகம், சிறிய அளவு, கையில் மீட்டர்.

தொடங்கும் முன்: யாருக்கு வேண்டாம்

டைப் 1 சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்சுலின்தான் உயிர். எந்த இலையும் எந்தக் கொட்டையும் அந்த இடத்துக்கு வராது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள் மருந்தளவில் இவற்றைத் தொட வேண்டாம். கறி, கூட்டு என்று சாப்பாட்டில் சேர்ப்பது வேறு விஷயம்.

ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் பாகல் சாறும் பாகல் விதையும் ஆகாது. விதையில் உள்ள விசின் என்ற பொருள் அவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவை தாமாகவே சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடியவை. மேலே மூலிகையும் சேர்ந்தால் இறக்கம் ஆழமாகும். மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும்.

முதல் படி: இப்போது எங்கே நிற்கிறீர்கள்?

குளுக்கோமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதில் பொருளில்லை. மூலிகை தொடங்குவதற்கு முன்பே இரண்டு வாரம் அளந்து எழுதுங்கள்: காலை வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. கூடவே என்ன சாப்பிட்டீர்கள், நடந்தீர்களா, சரியாகத் தூங்கினீர்களா என்று ஒரு வரி. முடிந்தால் ஓர் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும்) ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட அதுதான் ஆதாரம்.

இந்த இரண்டு வாரத்தில் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திவிடுங்கள். ஆயுர்வேதமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரமேகம் (சர்க்கரை நோயும் அடங்கும் சிறுநீர்க் கோளாறுகள்) இருபது வகை என்று வகுத்த பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர், அதன் காரணங்களாக முதலில் சொல்வது சுகமாக உட்கார்ந்தே இருப்பதையும் சுகமான தூக்கத்தையும்தான். பிறகுதான் தயிர், புதுத் தானியம், வெல்லப் பண்டங்கள் என்று பட்டியல் வருகிறது. நடையைத் தொடங்கிய அதே வாரத்தில் மூலிகையையும் தொடங்கினால், நடையால் இறங்கியதை மூலிகையின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இரண்டாம் படி: ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

நான்கில் கத்தரி உணவு. அதை மருந்தாகப் பார்க்க வேண்டாம். பாகல் இரண்டும். நாவல் கொட்டையும் சிறுகுறிஞ்சான் இலையும் மருந்துதான். முதன்முறை தொடங்குபவருக்கு என் யோசனை: கத்தரியையும் பாகலையும் சாப்பாட்டில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மருந்தளவில் நாவல் கொட்டையை மட்டும் எடுங்கள். மலச்சிக்கல் உள்ளவர்கள் அதற்குப் பதிலாகச் சிறுகுறிஞ்சான். இரண்டையும் சேர்த்து வேண்டாம்.

சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் போன்ற கூட்டு மருந்துகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம்பட்டை எல்லாம் சேர்ந்த குடிநீர் அது. அது வைத்தியர் நாடி பார்த்து, ஆளைப் பார்த்துக் கொடுப்பது. நாமாக வீட்டில் செய்யும்போது ஒற்றை மூலிகைதான் கணக்குக்கு அடங்கும்.

மூன்றாம் படி: தயாரிப்பு

*கத்தரி*

16-ஆம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் தொகுத்த பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் கத்தரியைப் பற்றிச் சொல்வதைச் சமையல் குறிப்பாகவே படிக்கலாம். இளங்காய் கபத்தையும் பித்தத்தையும் தணிக்கும். முற்றியது பித்தத்தைக் கூட்டும், செரிக்கக் கனம். தணலில் சுட்டது மிக லேசானது, பசியைத் தூண்டும், கொழுப்பைக் கரைக்கும். அதிலேயே எண்ணெயும் உப்பும் சேர்ந்தால் மறுபடி கனமாகிவிடும். கோழிமுட்டை போன்ற வெள்ளைக் கத்தரி மூலத்துக்கு நல்லது என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது.

எண்ணெய் பற்றிச் சொன்னதை இன்றைய அடுப்பிலும் சரிபார்க்கலாம். கத்தரியின் சதை முழுக்க நுண்ணிய காற்றறைகள். வாணலியில் போட்டதும் எண்ணெயை உறிஞ்சிவிடும். 100 கிராம் பச்சைக் கத்தரியில் 25 கலோரிதான், மாவுச்சத்து சுமார் 6 கிராம், அதில் பாதி நார். வறுத்துவிட்டால் அந்தக் கணக்கு காணாமல் போகும். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பை விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுடும் முறை இது. விதை முற்றாத பெரிய கத்தரியை எடுங்கள். அழுத்தினால் விரல் பதிந்து உடனே மேலே வர வேண்டும். கத்தியால் நாலைந்து இடத்தில் குத்துங்கள். குத்தாமல் வைத்தால் வெடிக்கும், அந்தத் துளை வழியாகவே உள்ளே புழு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். மிதமான தீயில் திருப்பித் திருப்பிக் காட்டினால் தோல் கருகி, காம்புப் பக்கம் தொய்ந்து, அடியில் சாறு கசியத் தொடங்கும். இறக்கி, ஒரு பாத்திரத்தில் மூடிப் பத்து நிமிடம் வைத்தால் தோல் தானாக உரிந்து வரும். மசித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்தால் கொத்சு. கத்தரித் தோலின் ஊதா நிறத்தில் நாசுனின் என்ற நல்ல பொருள் இருக்கிறது; சுட்டால் அது போய்விடும். அதனால் ஒருநாள் சுட்டு, ஒருநாள் தோலோடு கூட்டாக என்று மாற்றிக்கொள்ளலாம்.

தோல் நோய்க்கு மருந்து சாப்பிடும்போது கத்தரியைப் பத்தியத்தில் விலக்கச் சொல்வார்கள். கத்தரியில் இயல்பாகவே ஹிஸ்டமின் இருக்கிறது, சிலருக்கு நமைச்சல் எடுக்கும். உங்களுக்கு எடுக்குமென்றால் விட்டுவிடுங்கள். இதில் வீரம் வேண்டாம். கத்தரியை இரவு முழுக்க ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்ற செய்தியும் சுற்றுகிறது. அந்தக் காயைக் கறி செய்து, நாரோடு சேர்த்துத் தின்பதே மேல்.

*பாகல்*

சமையலுக்கு எந்தப் பாகலும் சரி. உப்புப் போட்டுப் பிசிறிச் சாற்றைப் பிழிந்து கொட்டும் பழக்கத்தை மட்டும் விடுங்கள்; நமக்கு வேண்டியது பாத்திரத்தோடு போகிறது. வெல்லம் போட்டுச் செய்தால் அந்த வெல்லத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

சாறாக எடுப்பதென்றால் மரபில் சொல்லும் அளவு 10 முதல் 15 மில்லி. இரண்டு, மூன்று டீஸ்பூன், அவ்வளவுதான். டம்ளர் கணக்கில் குடிப்பவர்கள் பத்து மடங்குக்கு மேல் போகிறார்கள். வயிற்றுவலி, பேதி என்று வருவது அதனால்தான். மஞ்சள் தட்டாத பச்சைக் காயை நீளவாக்கில் பிளந்து, விதையையும் பஞ்சுப் பகுதியையும் வழித்து எறிந்துவிட்டு, துருவி, தண்ணீர் சேர்க்காமல் துணியில் பிழியுங்கள். அன்றன்றைக்குப் பிழிந்ததை மட்டும் குடியுங்கள். பாட்டிலில் எடுத்து வைக்க வேண்டாம். மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடிக்காமல் காலை உணவுக்குப் பிறகு குடிப்பது பாதுகாப்பு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாகலோடு சுரைக்காய்ச் சாற்றைக் கலந்து குடிக்காதீர்கள். சில சுரைக்காய்களில் குக்கர்பிட்டாசின் என்ற நச்சு ஏறிவிடும். அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளம் கசப்பு. கசந்த சுரைச்சாற்றைக் குடித்து ரத்த வாந்தியெடுத்து இறந்தவர்கள் இந்தியாவில் உண்டு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிபுணர் குழு அமைத்து எச்சரித்ததும் அதன் பிறகுதான். பாகலைக் கலந்துவிட்டால் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாக்குக்கு எப்படித் தெரியும்?

பலன் எவ்வளவு? தாய்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் நாளுக்கு 2 கிராம் பாகல் பொடி சர்க்கரையை ஓரளவு இறக்கியது. 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் இறக்கிய அளவுக்கு வரவில்லை. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 479 பேர் பங்கேற்ற நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. மாத்திரைக்குத் துணையாக வரலாம், மாற்றாக வராது என்பதே என் கணிப்பு.

*நாவல்*

ஆனி, ஆடியில் பழம் கிடைக்கும்போதே கொட்டையைச் சேர்த்துவிட வேண்டும். பழத்தை ஒரு கைப்பிடி தின்பதில் தவறில்லை, ஆனால் அதிலும் சர்க்கரை உண்டு. 'நாவல்தானே' என்று கிலோ கணக்கில் தின்னக்கூடாது.

கொட்டையில் சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே தண்ணீரில் போட்டுக் கையால் நன்றாகத் தேய்த்து, வழுவழுப்பு போகும்வரை இரண்டு மூன்று முறை கழுவுங்கள். துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஒன்றிரண்டு வாரம் நிழலில் உலர்த்துங்கள், கடைசியாக ஒருநாள் வெயில். காய்ந்த கொட்டையைக் குலுக்கினால் கலகலவென்ற சத்தம் கேட்கும். மேல்தோலைக் கையால் நொறுக்கி உதறிவிட்டு, உள்ளிருக்கும் பருப்பை எடுங்கள். உடைத்துப் பார்த்தால் இளம்பச்சையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்க வேண்டும். கறுத்துப்போனதையும் பூச்சி துளைத்ததையும் எறியுங்கள். உரலில் ஒன்றிரண்டாக இடித்துவிட்டுப் பிறகு மிக்ஸியில் போட்டால் பிளேடு தப்பும். சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் பொடியாக்கி, மீதியைக் கொட்டையாகவே வையுங்கள்.

மரபளவு நாளுக்கு 3 முதல் 6 கிராம். முதல் வாரம் ஒரு கிராம், அதாவது கால் டீஸ்பூனை விடச் சற்றுக் கூடுதல். காலைச் சாப்பாட்டுக்கு முன் மோரிலோ வெதுவெதுப்பான நீரிலோ. பிறகு மூன்று கிராம்வரை மெல்ல ஏற்றலாம். துவர்ப்பு கடுமையாக இருக்கும், மலம் இறுகும். தண்ணீரும் கீரையும் கூட வேண்டும்.

இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பிரேசிலில் நாவல் இலைத் தேநீர் பெரிய வழக்கம். அங்கே ஆட்களுக்குக் கொடுத்து முறையாக ஆய்ந்தபோது சர்க்கரை இறங்கவில்லை. நம் மரபு கொட்டையைச் சொல்கிறது, அதோடு நிறுத்திக்கொள்வோம்.

*சிறுகுறிஞ்சான்*

நான்கிலும் ஆச்சரியமான செடி இதுதான். வேலியில் ஏறும் கொடி. எதிரெதிராக இலை, இருபுறமும் மெல்லிய ரோமம், கிள்ளினால் பால், கொத்தாகச் சின்னஞ்சிறு மஞ்சள் பூ. வடமொழியில் மேஷசிருங்கி. பெருங்குறிஞ்சான் என்ற இன்னொரு கொடியோடு குழம்பக்கூடாது. அதன் இலை பெரிது, பூ பச்சை.

அடையாளத்தை நாக்கே உறுதிசெய்யும். ஒரு இலையை ஒரு நிமிடம் மென்று, நாக்கு முழுக்கப் படும்படி வைத்துத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளியுங்கள். இப்போது ஒரு சிட்டிகைச் சர்க்கரையைப் போட்டால் மணலை மெல்வது போலிருக்கும், இனிப்பே தெரியாது. வெல்லம் வெறும் மண்வாசனையாகத் தெரியும். உப்பும் புளிப்பும் வழக்கம்போல் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு ஏற்பிகளை அடைத்துவிடுவதுதான் காரணம்; அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சுவை திரும்பும். அந்த அமிலத்தைப் பிரித்துக் காட்டி 1887-இல் எழுதியவர், உதகமண்டலத்தில் கொயினா (மலேரியா மருந்து) வேதியியலராக இருந்த டேவிட் ஹூப்பர். இலந்தை இலைக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. அதனால் நாக்குச் சோதனையோடு கண்ணாலும் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மாலை நான்கு மணிக்கு இனிப்பைத் தேடிக் கை போகிறவர்களுக்கு இந்த இலை நேரடி உதவி. மென்றபின் பிஸ்கட் ருசிக்காது, தானாகத் தள்ளிவைப்பார்கள். மருந்துக் குணத்தை ஒதுக்கிவிட்டாலும் இதற்காகவே கொடியை வீட்டில் வளர்க்கலாம்.

பொடிக்கு இலையை நிழலில் உலர்த்த வேண்டும். நிறம் பச்சையாகவே நிற்க வேண்டும். நாளுக்கு ஒரு கிராமில் தொடங்குங்கள்; அதற்கு மேல் ஏற்றுவது மரபு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. சென்னையில் 22 டைப் 2 நோயாளிகளுக்கு வழக்கமான மாத்திரையோடு நாளுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாரத்தை 18 முதல் 20 மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990-இல் வெளியானது. ஐந்து பேர் மாத்திரையை விட முடிந்தது. இதைத்தான் எல்லா விளம்பரமும் சொல்லும். போலி மருந்து கொடுத்து ஒப்பிட்ட குழு அதில் இல்லை என்பதையும், மீதி 17 பேர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள் என்பதையும் எந்த விளம்பரமும் சொல்லாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்துங்கள்.

நான்காம் படி: மூன்று மாதக் கணக்கு

மாத்திரை அதே அளவில் தொடரட்டும். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் அளங்கள், பிறகு வாரம் மூன்று நாள். ஒருநாள் எண்ணைப் பார்த்துக் குதிக்கவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். வாரச் சராசரியைப் பாருங்கள். தூக்கம் கெட்டாலே காலை அளவு 20 புள்ளி ஆடும்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுங்கள். இறங்கியிருந்தால் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா என்பதை அவர் தீர்மானிப்பார். அசையவே இல்லையென்றால் அந்தச் செடி உங்களுக்கு வேலை செய்யவில்லை. நிறுத்துங்கள், இரண்டு வாரம் இடைவெளி விட்டு வேண்டுமானால் அடுத்ததைப் பாருங்கள்.

சர்க்கரை சட்டென்று இறங்கினால்

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம். அளந்தால் 70-க்குக் கீழே இருக்கும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. சிறுகுறிஞ்சான் மென்றிருந்தால் அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். சுவை தெரியாவிட்டாலும் வேலை செய்யும், முழுவதையும் குடிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக மருத்துவமனைதான்.

கடைப்பொடி வாங்குவதென்றால்

பாக்கெட்டில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, ஒவ்வொரு மூலிகையும் எத்தனை கிராம் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். '18 மூலிகைகள் அடங்கியது' என்று மட்டும் போட்டிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. அப்படி எழுதியிருப்பவர் சட்டத்தை மீறித்தான் உங்களிடம் பேச்சையே தொடங்குகிறார்.

ஒரு பொடி சாப்பிட்ட இரண்டே நாளில் 250-இலிருந்து 120-க்கு வந்துவிட்டது என்றால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். இலையும் கொட்டையும் அவ்வளவு வேகமாக இறக்காது. கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மாத்திரையைத் தூளாக்கிக் கலந்து விற்ற மூலிகைப் பொடிகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அந்தப் பொடியை நிறுத்திவிட்டு, மீதியைப் பாக்கெட்டோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.